பச்சைப் பொய்

"அம்மையார் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீடு சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறீர்கள். அந்தப் பக்கம் இருக்கிறவன் என்ன பெயர் வைப்பான்?"

பரிமளா தங்கவேலு வாயைத் திறந்தார். மூடினார். மேஜை மேலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"கட்!" என்று கத்தினாள் வேல்விழி. "அக்கா, தண்ணி குடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கேள்வி கேட்டதும் டம்ளரைத் தொட்டா பதில் இல்லன்னு அர்த்தம். மறுநாளே மீம்ஸ் போடறவன் டம்ளரை நம்ம சின்னமா ஆக்கிடுவான்."

"தொண்டை வறண்டா என்னடி பண்றது?"

"எச்சிலை முழுங்குங்க."

வளசரவாக்கத்தில் ஒரு பழைய படப்பிடிப்புத் தளம். ஏதோ நெடுந்தொடரின் பூஜையறையும் மருமகள் உட்கார்ந்து அழுகிற சோபாவும் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் இரண்டு பேச்சு மேடைகள். ஒன்றில் பேரவைக் கட்சியின் தலைவி, முதல்வர் வேட்பாளர் பரிமளா. எதிரே போட்டிக் கட்சியான முன்னணியின் தலைவர் மாசிலாமணி.

அசல் மாசிலாமணி அல்ல. பேரவையின் சொந்தப் பேச்சாளர் கோவேந்தன். மைக் கிடைத்தால் கல்யாண வீட்டிலும் கட்சி பேசுகிறவர். கட்சியின் செய்தித் தொடர்பாளர் வேல்விழியின் கணவர். ஞாயிற்றுக்கிழமை நேரலை விவாதத்தில் அசல் ஆளோடு மோதுவதற்கு முன்னால் அக்கா அடி வாங்கிப் பழகட்டும் என்று நிறுத்தி வைத்த ஆள்.

அடி நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது.

"யோவ் டாக்டர்!" பரிமளா மேடையை விட்டு இறங்கினார். "இவன் நம்ம கோவேந்தன்தானா, இல்ல அந்த மாசிலாமணியே மீசையை எடுத்துட்டு வந்து நிக்கிறானா? சும்மா நடிக்கச் சொன்னா போதாதா?"

கருவிகளோடு உட்கார்ந்திருந்த டாக்டர் மைதீன் திரையைக் காட்டினார். கோவேந்தனின் முகத்துக்குக் கீழே ஒரு கோடு பச்சையாக, ஆடாமல் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நடிச்சா இந்தக் கோடு சிவப்பா எரியும் அக்கா. மணிக்கட்டுல பட்டையைக் கட்டிக்கிட்டா பொய் தெரிஞ்சிடும். சொல்றதை உள்ள நம்பினா பச்சை, நம்பலன்னா சிவப்பு. போன இடைத்தேர்தல்லேருந்து ஜனங்க தலைவர் முகத்தைப் பார்க்கறதில்ல. கோட்டைத்தான் பார்க்கறாங்க."

"அது தெரியும்யா. இவனுக்கு எதுக்குப் பச்சை?"

"சிவப்பு எரியற ஆளோட சண்டை போட்டுப் பழகினா, ஞாயித்துக்கிழமை பச்சை எரியற ஆளைப் பார்த்ததும் நீங்க ஆடிப் போயிடுவீங்க. மாசிலாமணி சுவர் வேண்டாம்னு நிஜமாவே நம்பறவர். அதனாலதான் அந்த நம்பிக்கையை கோவேந்தன் சாருக்கு ஏத்தினோம்."

ஏற்றம். தலையில் ஒரு தொப்பி, சாய்வு நாற்காலி, அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் மனசு ஈர சிமெண்ட். அப்போது வாய்விட்டு எதைச் சொல்கிறோமோ அது பதிந்துவிடும். மாசிலாமணியின் பேச்சையெல்லாம் வேல்விழிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கோவேந்தன் கண்ணை மூடித் திருப்பிச் சொன்னார். முதல் நாள் இருவருக்கும் சிரிப்பாக இருந்தது.

சண்டையெல்லாம் கடற்சுவரைப் பற்றி. எண்ணூரிலிருந்து கோவளம் வரை, ஏறிவரும் கடலைத் தடுக்க ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். கட்டுவோம் என்பது பேரவை. கட்டவிடமாட்டோம் என்பது முன்னணி. கட்டினால் நகரம் பிழைக்கும். மீனவக் குப்பங்கள் சுவருக்கு வெளியே, கடல் பக்கம் நிற்கும். வேல்விழி பிறந்த திருவொற்றியூர் வீடு இப்போது கடலுக்குள் இருக்கிறது. சுவர் வேண்டுமா என்று அவளிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. சுவர் கேட்டு நடந்த போராட்டப் பந்தலில்தான் அவளும் கோவேந்தனும் முதலில் சந்தித்துக்கொண்டார்கள். கல்யாண அழைப்பிதழிலேயே சுவர் கோஷம் இருந்தது.

டீ வந்தது. டம்ளர்களைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். கோவேந்தன் மட்டும் தள்ளி நின்றார்.

"அம்மையார் டீ சாப்பிடலையா?" என்று பரிமளாவைப் பார்த்துக் கேட்டார்.

பதினைந்து வருஷமாக அவர் அக்கா என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறார்.

வேல்விழி அவர் முழங்கையைத் தொட்டாள். "என்னங்க, இடைவேளை. வேஷத்தைக் கலைங்க."

"என்ன வேஷம்?" என்றார் கோவேந்தன்.

*

விவாத ஏற்பாட்டுக் கூட்டம் ஓர் ஓட்டலின் குளிர்ந்த அறையில் நடந்தது. பேரவை சார்பில் வேல்விழி. முன்னணி சார்பில் சஃபாரி சூட் அணிந்த ஒரு வக்கீல். நடுவில் தொலைக்காட்சிக்காரர்கள், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தலையாட்டிக்கொண்டு.

மேடையின் உயரம் தகராறானது. மாசிலாமணி குள்ளம், அடியில் பலகை போட வேண்டும் என்றார் வக்கீல். போட்டால் பரிமளாவுக்கும் போட வேண்டும் என்றாள் வேல்விழி. அவர் ஏற்கெனவே உயரமாயிற்றே என்றதற்கு, அது அவர் குற்றமில்லை என்றாள். பொன்னாடை கூடாது, தொண்டர் கோஷம் கூடாது, காலில் விழக் கூடாது. எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டது. நேரத்தில்தான் மாட்டிக்கொண்டது.

"ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி" என்றார் தொலைக்காட்சிக்காரர்.

வக்கீலும் வேல்விழியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டும் பகுத்தறிவுக் கட்சிகள். ராகுகாலம் என்று இரண்டு பேருமே சொல்ல முடியாது.

"அந்த நேரத்துல டிராஃபிக் ஜாஸ்தி" என்றார் வக்கீல்.

"ரொம்ப ஜாஸ்தி" என்றாள் வேல்விழி. "ஆறு மணிக்கு மேல குறைஞ்சிடும்."

ஆறு மணிக்கு மேல் என்று முடிவாயிற்று. வெளியே வரும்போது வக்கீல் சிநேகமாகச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் எங்க ஐயா மாதிரியே பிச்சு உதறுறாராமே? எங்ககிட்டயும் ஒரு பரிமளா அக்கா இருக்காங்கம்மா. எங்க மகளிரணிச் செயலாளர். சுவர் சுவர்னு என்ன பச்சையா எரியறாங்க தெரியுமா? ஐயா சில நாள் சாப்பிடாமகூடக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்காரு."

"நல்லதுதானே சார்."

"நல்லதுதானான்னு தெரியல" என்றார் வக்கீல். லிஃப்ட் வந்துவிட்டது.

*

மறுநாள் காலை. அடுப்பில் தோசை. கோவேந்தன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை விவாதம் முடிஞ்சதும் நாங்க வெளியில சாப்பிடப் போறோம்."

வேல்விழி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "யாரு?"

"நாங்கதான்."

"நாங்கன்னா யாரு யாரு?"

"இது என்ன கேள்வி? நானும் நீயும்."

"அதுக்கு நாமன்னு சொல்லணும்."

"அதைத்தானே சொன்னேன்?"

"நாங்கன்னு சொன்னீங்க."

கோவேந்தன் சிரித்தார். அவருக்கு வித்தியாசம் காதில் விழவில்லை. தமிழ் பேசுகிற ஐந்து வயதுக் குழந்தைகூடத் தவறுகிற இடமல்ல அது. வெள்ளைக்காரனுக்கு இரண்டும் ஒரே சொல். நமக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசற்கதவு இருக்கிறது. கணவர் கதவைச் சாத்திவிட்டார். தான் சாத்தியது அவருக்கே தெரியவில்லை. அவள் வெளியே நின்றாள், கையில் கரண்டியோடு.

"உங்க வீட்டுல தோசை எப்பவும் நல்லா இருக்கு" என்றார் கோவேந்தன், இரண்டாவதை விண்டுகொண்டே.

தோசை கருகியது.

டாக்டர் மைதீன் போனை எடுத்ததும் அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சுவர் வேண்டாம்னு மட்டும்தானே ஏத்தினோம்? நான் வேண்டாம்னா ஏத்தினோம்?"

"மேடம், நம்பிக்கைங்கறது தனியா வராது. அரிசி மூட்டையோட வாயில ஒரு நூலை உருவினா மொத்தத் தையலும் பிரிஞ்சு வரும் பாருங்க, அந்த மாதிரி. சுவர் வேண்டாம்னா, சுவர் கட்டறவங்க தப்பானவங்க. பேரவை கட்டப் போகுது. நீங்க பேரவை. அவர் மனசு தானாவே கணக்குப் போட்டுக்குது."

"இறக்குங்க. இன்னிக்கே."

"இறக்கிடலாம். பழைய நம்பிக்கையை அவரே வாய்விட்டுச் சொல்லணும், அவ்வளவுதான். ஆனா அவருக்கு இஷ்டம் இருக்கணும். கட்டாயப்படுத்தினா வாய்தான் சொல்லும். மனசு கேக்காது. அதுவுமில்லாம, அக்கா சொல்லாம நான் தொப்பியைத் தொட முடியாது."

அக்கா சொல்லவில்லை. அறிவாளி மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கடி. இப்ப அவனை இறக்கினா நான் யாரோட சண்டை போடறது? திங்கட்கிழமை காலையில உன் புருஷனை முழுசாத் திருப்பித் தர்றேன். இது நான் உனக்குக் கொடுக்கற வாக்கு."

"தேர்தல் வாக்கா, நிஜ வாக்கா அக்கா?"

"பட்டையைக் கட்டி வேணா பாரு. பச்சையாத்தான் எரியும்."

திங்கட்கிழமை. அந்தக் கிழமையைப் பிடித்துக்கொண்டு வேல்விழி மிச்ச நாட்களைக் கடந்தாள். ஆனால் கோவேந்தனின் சம்மதம் வேண்டுமே. கடைசியில் கேட்டுவிட்டாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"விவாதம் முடிஞ்சதும் இறக்கிக்கறீங்களா?"

"உண்மையை எதுக்கு இறக்கணும்?"

"அது ஏத்தினதுங்க. நான்தான் பக்கத்துல உட்கார்ந்து படிச்சேன்."

"தெரியும். நீ படிச்சது எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா அதுக்காக அது பொய்யாயிடுமா? பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடுகூட யாரோ படிக்க நாம திருப்பிச் சொன்னதுதான்."

"எனக்காக இறக்கிக்கங்க" என்றாள்.

"உங்களுக்காக நான் ஒரு பொய்யை நம்பணுமா?"

"உங்களுக்காகன்னு நான் சொல்லல. எனக்காகன்னேன். நான் ஒருத்திதான்."

"நீ வேற, அவங்க வேறயா விழி?"

நிஜமாகவே கேட்டார். குத்தலில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருக்கலாம். இந்த மனிதர் அவள் கணவரின் குரலில், அவள் கணவரின் பொறுமையோடு, ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அந்நிய ஆள் மாதிரி பேசினார். போதாக்குறைக்கு, அந்நியர் சொன்னதில் நியாயமும் இருந்த மாதிரி பட்டது. அந்த எண்ணத்தைச் சட்டென்று உதறினாள்.

ஒத்திகைகளும் விசித்திரமாக மாறின. பரிமளா சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். கோவேந்தன் பேசப் பேச, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லுங்க அக்கா!"

"இருடி. அந்தக் குப்பத்துக் கதையை இன்னொரு தடவை சொல்லுய்யா."

"அக்கா, மணி ஓடுது."

"ஓடட்டும்" என்றார் பரிமளா. டம்ளரைத் தொடவில்லை. அந்த மட்டில் முன்னேற்றம்தான் என்று வேல்விழி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

*

ஞாயிறு மாலை. டிராஃபிக் குறைந்த பிறகு.

அரங்கத்துக்குப் பின்னால் பேரவைக்கென்று ஒதுக்கப்பட்ட சின்ன அறை. ஒரு திரை, ஒரு சோபா, ஒரு தட்டு நிறைய பிஸ்கட். வேல்விழி, கோவேந்தன், டாக்டர் மைதீன். கோவேந்தன் திரையில் தெரிந்த மாசிலாமணியைப் பார்த்த பார்வையில் தம்பியைப் பார்க்கிற பாசம் இருந்தது.

முதல் பகுதி ஒழுங்காகப் போயிற்று. பேருந்து, மின்சாரம், ஆசிரியர் நியமனம். இரண்டு கோடுகளும் பெரும்பாலும் பச்சை. ஊழல் என்ற சொல் வந்தபோது மட்டும் இரண்டும் ஒரே சமயத்தில் சிவந்தன. அரங்கம் சிரித்தது.

பிறகு தொகுப்பாளர் அட்டையைப் புரட்டினார். "கடற்சுவர். முதலில் பேரவைத் தலைவி."

வேல்விழி சோபாவின் நுனிக்கு வந்தாள். இதற்காக எழுதிக் கொடுத்த வரிகள் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். உதட்டை அசைத்தாள்: கடல் யாரையும் கேட்டுவிட்டு வருவதில்லை...

பரிமளா மைக்கைப் பார்த்தார். எதிரே நின்ற மாசிலாமணியைப் பார்த்தார்.

"சுவர் வேண்டாம்" என்றார்.

பச்சை.

"முப்பது வருஷமா வேணும் வேணும்னு சொன்னவ நான். சொன்னேனே தவிர, அந்தப் பக்கம் நிக்கப்போறவங்க இடத்துல நின்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பக் கேட்டேன். எனக்குத் தூக்கம் வரல. சுவர் வேண்டாம்."

கோடு புல்வெளி மாதிரி பச்சை. மாசிலாமணி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். இன்னொரு மடக்கும் குடித்தார்.

"அம்மையார் அவசரப்பட வேண்டாம்" என்றார் மெதுவாக. "நானும் இதைப் பத்தி நிறைய யோசிச்சேன். எங்க மகளிரணிச் சகோதரி ஒருத்தங்க கடல் கொண்டுபோன வீடுகளைப் பத்தித் தினமும் சொன்னாங்க. நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எதிர்த்தேன். அது தப்பு. சுவர் வேணும்."

பச்சை.

தொகுப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "மன்னிக்கணும்... நீங்க ரெண்டு பேரும் சரியான மேடையிலதானே நிக்கிறீங்க?"

பின் அறையில் பிஸ்கட் தட்டு கவிழ்ந்தது. கோவேந்தன் துள்ளி எழுந்து வேல்விழியைக் கட்டிக்கொண்டார்.

"நாம ஜெயிச்சுட்டோம் விழி! நாம ஜெயிச்சுட்டோம்!"

அவள் இத்தனை நாள் காத்திருந்த சொல். வந்துவிட்டது. கதவு திறந்துவிட்டது. ஆனால் எந்த வீட்டின் கதவு? இந்த நாமில் யார் யார்? பேரவையா, முன்னணியா, அக்காவா, மாசிலாமணியா? அக்கா கட்சியோடு அந்தப் பக்கம் போய்விட்டார். அதனால் கோவேந்தன் அவளையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். அவள் நகரவில்லை. அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

அவர் தோளுக்கு மேலாக டாக்டரைப் பார்த்தாள். "அக்காவுக்கு எப்ப ஏத்தினீங்க?"

"சத்தியமா ஏத்தல மேடம்."

"மாசிலாமணிக்கு?"

"அவங்க மகளிரணி அம்மாவுக்குத்தான் ஏத்தினேன். மாசிலாமணிக்கு இல்ல."

"நீங்களா? அவங்களுக்கும் நீங்கதானா?"

"தொப்பி ஒண்ணுதானே மேடம் இருக்கு" என்றார் டாக்டர் மைதீன் பரிதாபமாக. "தொழில் தர்மம். அங்க நடந்ததை இங்க சொல்லக் கூடாது."

வேல்விழியின் போன் அலறத் தொடங்கியது. மதுரை மாவட்டச் செயலாளர்: "தங்கச்சி, அக்கா சொன்னது தந்திரமா நிஜமா?" சேலம்: "நம்ம நிலைப்பாடு என்னங்க? வாசல்ல பத்திரிகைக்காரன் நிக்கிறான். வேணுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க." தூத்துக்குடிக்காரர் தனக்கு வந்த குழப்பத்தில் முன்னணி அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டாராம், அங்கேயும் அவரிடம்தான் விளக்கம் கேட்டார்களாம்.

பிழைத்தது சுவர் விளம்பரம் எழுதுகிறவர்கள் மட்டும். பேரவை எழுதியிருந்தது, 'சுவர் வேண்டும்'. முன்னணி எழுதியிருந்தது, 'சுவர் வேண்டாம்'. நடுவில் ஒரே எழுத்தைச் சுரண்டி மாற்றினால் போதும். விடிவதற்குள் ஊர் முழுக்க மாற்றிவிட்டார்கள். அவசரத்தில் இரண்டு முறை மாற்றப்பட்ட சுவர்களும் உண்டு.

*

திங்கட்கிழமை காலை வந்தது. வேல்விழி கட்சி அலுவலகத்தில் பரிமளாவின் எதிரே போய் நின்றாள்.

"வாக்கு கொடுத்தீங்க அக்கா."

"கொடுத்தேன்." பரிமளா நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார். "ஆனா இப்ப அவனை இறக்கறதாவது! நம்ம கட்சியில சுவர் வேண்டாம்னு சொல்லிப் பச்சையா எரியற பேச்சாளர் அவன் ஒருத்தன்தான். மத்தவன் எல்லாம் சிவப்பு. இன்னிக்கு சாயங்காலம் எல்லா சேனல்லயும் அவன்தான் உட்காரணும்."

"நீங்க ஏன் மாறினீங்க? யாரு ஏத்தினது உங்களுக்கு?"

"எவனும் ஏத்தல. கேட்டேன், அவ்வளவுதான். முப்பது வருஷ அரசியல்ல எதிர்க்கட்சிக்காரன் பேசறதை ஒரு நாளாவது முழுசாக் கேட்டிருக்கேனா? அவன் வாயைத் திறக்கும்போதே நான் பதிலை யோசிப்பேன். உன் புருஷன் பேசினப்போ கேட்க வேண்டியதாப் போச்சு. நம்மாளுதானேன்னு காதைத் திறந்து வச்சுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, நீ டாக்டர்கிட்ட போ."

"எதுக்கு?"

"ஏத்திக்கத்தான். டிவியில உட்கார்ற எல்லாருக்கும் இன்னிக்கு ஏத்தணும். நீயும் செய்தித் தொடர்பாளர்தானே? என்னடி முழிக்கிறே? புருஷன் திரும்ப வேணும்னியே. அவனை இங்க இழுக்கறதுக்குப் பதிலா நீ அங்க போயிடு. அரை மணி நேரம். ரெண்டு பேரும் ஒரே பக்கம். வீட்டுலயும் நிம்மதி, கட்சியிலயும் நிம்மதி."

கார் வளசரவாக்கம் போகிற வழியெல்லாம் அந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்த்தாள். தப்பே இல்லாத கணக்கு. அவர் வரமாட்டார். அவள் போகலாம். போன பிறகு, போனது தெரியாது. திருவொற்றியூர் வீடு கடலுக்குள் இருக்கும். அதைப் பற்றிக் கோபம் மட்டும் இருக்காது. கோவேந்தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு சிக்னலில் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எந்தக் கோவேந்தனின் கை என்று அவளால் சொல்ல முடியவில்லை. சூடு பழைய சூடுதான்.

மருமகள் அழுகிற சோபாவுக்குப் பக்கத்தில் அந்தச் சாய்வு நாற்காலி. டாக்டர் மைதீன் அவள் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டார்.

"தொப்பி அப்புறம். முதல்ல இப்ப இருக்கிற நம்பிக்கையைப் பதிவு பண்ணிக்கறேன். சுவர் வேணும்னு சொல்லுங்க மேடம்."

அது ஒன்றுதான் சுலபம். "சுவர் வேணும்" என்றாள்.

சிவப்பு.

டாக்டர் திரையைத் தட்டினார். "இன்னொரு தடவை."

"சுவர் வேணும். கட்டியே ஆகணும்."

சிவப்பு.

"அட, அப்ப உங்களுக்கு ஏத்தவே வேணாம் மேடம். நீங்களும் அக்கா மாதிரி தானாவே மாறிட்டீங்க. ஒவ்வொரு வரியையும் நீங்கதானே படிச்சீங்க? எங்க, சுவர் வேண்டாம்னு சொல்லுங்க. பச்சையா எரியுதா பார்ப்போம்."

"சுவர் வேண்டாம்."

சிவப்பு.

கோவேந்தன் எட்டிப் பார்த்தார். டாக்டர் இணைப்புகளைப் பிடுங்கி மறுபடி செருகினார். நெற்றி வேர்த்தது. "இப்படி நான் பார்த்ததே இல்லையே. ஒண்ணு இது பச்சையாகணும், இல்ல அது பச்சையாகணும்."

"எனக்கு என்ன ஆச்சு டாக்டர்?"

"தெரியல. பட்டையில கோளாறா இருக்கலாம். பேரைச் சொல்லுங்க."

"வேல்விழி."

பச்சை.

"பிறந்த ஊரு?"

"திருவொற்றியூர்."

பச்சை. "பட்டை சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டர், மேலும் குழம்பி. "சந்தேகமே இல்லாத பெரிய நம்பிக்கையா ஒண்ணு வேணும் மேடம். அதை வச்சு அளவு பிடிச்சுக்கறேன். இதோ, சார் பக்கத்துலயே நிக்கிறாரே. இவர் என் வீட்டுக்காரர்னு சொல்லுங்க. போதும்."

வேல்விழி வாயைத் திறந்தாள்.

எவ்வளவு சின்ன வாக்கியம். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள். இப்போது திரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லிய கோடு, நிறமில்லாமல், காத்துக்கொண்டு. சொன்னால் தெரிந்துவிடும். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், தொப்பியைக் கையில் வைத்திருக்கிற இந்த மனிதருக்கும் தெரியும்.

மூடினாள்.

"சும்மா சொல்லுங்க மேடம். இதுல என்ன இருக்கு?"

கோவேந்தன் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். சுவர் வேண்டாம் என்று ஊருக்கே பச்சையாக எரிகிறவர், சாயங்காலம் எல்லா சேனலிலும் உட்காரப் போகிறவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். திரையின் மேல் போட்டு நான்கு பக்கமும் இழுத்துவிட்டார், கோடு ஒரு இழைகூட வெளியே தெரியாதபடி.

"சார்! கோடு தெரியாதே!"

"தெரிய வேண்டாம் டாக்டர்." நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இப்பச் சொல்லு விழி."

அவள் சொன்னாள். துண்டுக்கு அடியில் என்ன நிறம் எரிந்தது என்று மூவரில் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.